ஜிடிஎஃப் எஞ்சின்: கியர் நல்லாதான் இருக்கு, அப்புறம் ஏன் இத்தனை விமானம் தரையில?

ரன்வே07:
பிராட் அண்ட் விட்னியோட ஜிடிஎஃப் (கியர் வெச்ச டர்போஃபேன்) எஞ்சின் பத்தித் தமிழ்ல தேடினா "எஞ்சின் கோளாறு, விமானங்கள் நிறுத்தம்"னு ரெண்டு வரிச் செய்திதான் கிடைக்குது. உள்ளே என்ன உடையுதுன்னு யாரும் எழுதல. மூணு கேள்வி. ஒண்ணு, புதுசா வெச்ச கியர்தான் பிரச்சினைன்னு பலர் சொல்றாங்களே, உண்மையா? ரெண்டு, 2023ல வந்த பொடி உலோக விவகாரம் என்ன? மூணு, வெறும் பரிசோதனைதான்னா ஒரு எஞ்சினுக்கு 250 முதல் 300 நாள் எதுக்கு? விவரம் தெரிஞ்சவங்க விரிவா எழுதுங்க. "எங்க மாமா பையன் ஏர்போர்ட்ல வேலை பாக்குறான்" வகைப் பதிவு வேண்டாம்.

சுழலி:
முதல் கேள்விக்கு மட்டும் நான். கியர் குற்றவாளி இல்லை.

ஏன் கியர் வைத்தார்கள் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஏ320நியோவில் வரும் ஜிடிஎஃப் வகையான பிடபிள்யூ1100ஜி எஞ்சினின் முன்பக்க ஃபேன் விட்டம் 81 அங்குலம், அதாவது 2.06 மீட்டர். பின்னால் உள்ள டர்பைனிலிருந்து ஃபேனுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் குறைஅழுத்தத் தண்டின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 10,047 சுற்று. கியர் விகிதம் ஏறக்குறைய 3.06க்கு 1. வகுத்தால் ஃபேனுக்கு 3,281 சுற்று. அந்த வேகத்தில் ஃபேன் நுனி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர், ஒலியின் வேகத்தை ஒட்டி வருகிறது. கியர் இல்லாமல் நேரடியாக 10,047 சுற்றில் ஓட்டினால் நுனி 1,080 மீட்டரைத் தாண்டும். எந்த பிளேடும் அதில் வேலை செய்யாது. கியர் இல்லாத எஞ்சினில் தண்டையே மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், மெதுவாக ஓடும் டர்பைனுக்கு அடுக்குகள் அதிகம் தேவை. போட்டி எஞ்சினான லீப்-1ஏவில் குறைஅழுத்த டர்பைனுக்கு 7 அடுக்கு, ஜிடிஎஃப்பில் 3. நாலு அடுக்கு பிளேடும் டிஸ்கும் மிச்சம், பதிலுக்கு ஒரு கியர்பெட்டி.

அமைப்பு இது: நடுவில் சூரியப் பற்சக்கரம், அதைச் சுற்றி 5 நட்சத்திரப் பற்சக்கரங்கள், வெளியே வளையப் பற்சக்கரம். நட்சத்திரங்களைத் தாங்கும் சட்டம் அசையாது. வளையம்தான் ஃபேனைச் சுழற்றுகிறது, அதனால் ஃபேன் தண்டுக்கு எதிர்த்திசையில் சுழலும். நட்சத்திரங்களுக்குள் உருளை பேரிங் கிடையாது, எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் ஜர்னல் பேரிங். அதாவது எண்ணெய் இருக்கும் வரை உலோகம் உலோகத்தைத் தொடாது.

கடினமான இடம் வெப்பம். கியர் கடத்தும் திறன் 30,000 குதிரைத்திறன் அளவில். 99 சதவீதத் திறமை என்று வைத்தாலும் மீதி 1 சதவீதம் 300 குதிரைத்திறன், சுமார் 220 கிலோவாட், முழுக்க எண்ணெயில் சூடாக இறங்கும். ஆகவே எண்ணெய்க் குளிர்விப்பான்களும், எஞ்சின் நின்ற பிறகு ஃபேன் காற்றில் தானாகச் சுழலும் நேரத்திலும் பேரிங்குக்கு எண்ணெய் போகும் ஏற்பாடும் அந்த வடிவமைப்பின் உயிர்நாடி. 2016 ஜனவரியில் லுஃப்தான்சாவுடன் சேவைக்கு வந்ததிலிருந்து இந்தக் கியர் நன்றாகவே ஓடுகிறது. செய்தியில் எங்காவது "கியர்பாக்ஸ் கோளாறு" என்று படித்திருந்தால் அது பெரும்பாலும் ஜெனரேட்டர், பம்ப் எல்லாம் மாட்டியிருக்கும் துணைக் கியர்பெட்டி. ஃபேன் கியர் வேறு, அது வேறு.

ரன்வே07:
நன்றி சுழலி சார். அப்ப 2016ல இருந்தே வந்த மத்த கோளாறு எல்லாம்?

ஹேங்கர்வாசி:
அதை நான் எடுத்துக்கறேன். வரிசையா சொல்றேன், ஏன்னா எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டுப் பேசுறதாலதான் குழப்பமே.

முதல்ல ரோட்டர் வளைவு. எஞ்சினை நிறுத்தினதும் உள்ளே இருக்கற சூடான காத்து மேலே ஏறி நிக்கும். தண்டோட மேல்பாதி சூடா, கீழ்பாதி கொஞ்சம் ஆறி இருக்கும். மேல்பாதி விரிஞ்சு தண்டு லேசா வில் மாதிரி வளையும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா பிளேடு நுனி, காத்து கசியாம தடுக்கற சீல் மேல உரசும், இடைவெளி பெருகும், எரிபொருள் செலவு ஏறும். தீர்வு, பத்தவைக்கறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்டரை வெச்சு ரோட்டரை மெதுவா சுத்தவிட்டு ரெண்டு பக்கமும் ஒரே வெப்பநிலைக்கு வரவிடணும். எத்தனை நேரம்னு எஞ்சின் கணினியே முடிவு பண்ணும். ஆரம்பத்துல இதுக்கே சில நிமிஷம் பிடிச்சது. முதல் வாடிக்கையாளரா இருக்கவேண்டிய கத்தார் ஏர்வேஸ் விமானத்தை எடுத்துக்க மறுத்ததுக்கு இது ஒரு காரணம். அப்புறம் 3, 4ஆம் பேரிங்ல டேம்பர் வெச்சாங்க, மென்பொருளை மாத்தினாங்க. ரெண்டு எஞ்சினையும் ஒரே நேரத்துல சுத்தவிட்டு ஆறவைக்க காக்பிட் மேல் பலகையில டூயல் கூலிங் பட்டனும் வந்தது. இப்ப இது பெரிய விஷயமே இல்ல.

ரெண்டாவது கத்திமுனை சீல். 2017 நடுவுல உயரழுத்த கம்ப்ரஸர் பின்பக்க ஹப்ல இருக்கற சீலோட வடிவத்தை மாத்தினாங்க. நல்லது பண்ணப் போய்க் கெடுதலா முடிஞ்சது. 2018 பிப்ரவரியில ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அவசர உத்தரவு போட்டது. மார்ச் 12ல நம்ம விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ இண்டிகோவோட 8, கோஏர் 3, ஆக 11 விமானத்தை நிறுத்தினாங்க. பிராட் பழைய சீல் வடிவத்துக்கே திரும்பிப் போச்சு.

மூணாவது குறைஅழுத்த டர்பைன் மூணாம் அடுக்கு பிளேடு. எடை குறைய டைட்டானியம் அலுமினைடுல பண்ணின பிளேடு. லேசானது, ஆனா அடி தாங்காது. முன்னாடி இருந்து ஒரு சின்னத் துண்டு வந்து இடிச்சாலே உடையும். அதிர்வு வரும், எஞ்சினை நிறுத்தணும். 2019 அக்டோபர் கடைசியில இண்டிகோவுக்கு ஒரே வாரத்துல அடுத்தடுத்து வந்துச்சு. நவம்பர் 1ஆம் தேதி டிஜிசிஏ 97 நியோவுக்கும் மாத்தின எஞ்சினைப் போடச் சொல்லி 2020 ஜனவரி 31 வரை கெடு குடுத்தாங்க, பிறகு அதை நீட்டிச்சாங்க. மாத்து பிளேடு நிக்கல் கலவை. எடை கூடும், உடையாது.

நாலாவது எரியறை, உயரழுத்த டர்பைன் பிளேடு. இதுதான் நம்ம ஊருக்கு நேரடியா சம்பந்தப்பட்டது. வட இந்தியா, வளைகுடா மாதிரி புழுதியும் சூடும் உள்ள இடத்துல காத்தோட போற மண்துகள் எரியறையில உருகிக் கண்ணாடி மாதிரி பிளேடு மேல படியும். பூச்சு உரியும், குளிர்விப்புத் துளை அடைபடும், அந்த இடத்துல உலோகம் தீஞ்சு போகும். போர்ஸ்கோப் (குழாய் கேமரா) விட்டுப் பாத்தா பிளேடு முன்விளிம்புல பழுப்பா திட்டுத்திட்டாத் தெரியும். இதுக்கு உத்தரவு வேணாம், சூட்டு வரம்பு கிட்ட வந்தாலே எஞ்சினை இறக்கணும். சரியாச் சொல்லணும்னா லீப் எஞ்சினுக்கும் இதே நோய் உண்டு. அவங்களும் புது டர்பைன் பிளேடு கிட் பண்ணி 2024 டிசம்பர்ல லீப்-1ஏவுக்கு சான்று வாங்கினாங்க.

இந்த நாலுல எதுலயும் ஃபேன் கியர் இல்ல, கவனிங்க. பொடி இன்னும் வரவே இல்ல.

உலைக்களம்:
பொடிக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

எந்த உறுப்பு என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். உயரழுத்த டர்பைனின் 1ஆம், 2ஆம் அடுக்கு ஹப், அதாவது பிளேடுகள் செருகப்படும் டிஸ்க். கூடவே உயரழுத்த கம்ப்ரஸரின் பின் அடுக்குகளில் சில. இந்த ரோட்டர் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும். ஒரு பிளேடு பிய்ந்தால் வெளி உறை அதைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது சான்று விதி. டிஸ்க் உடைந்தால் எந்த உறையும் பிடிக்காது, அந்த ஆற்றலுக்கு உறை செய்தால் விமானம் எழும்பாது. ஆகவே டிஸ்க் உடையவே கூடாது என்ற கணக்கில்தான் அதற்கு ஆயுள் நிர்ணயிக்கிறார்கள். ஒரு பறப்பு ஒரு சைக்கிள். குறித்த சைக்கிள் எண்ணிக்கை வந்ததும், கண்ணுக்கு நன்றாக இருந்தாலும், டிஸ்க் குப்பைக்குப் போகும்.

இனி பொருள். பிராட் பயன்படுத்துவது ஐஎன்100 வகை நிக்கல் கலவை. அலுமினியமும் டைட்டானியமும் அதிகம், அதனால்தான் சூட்டில் பலம். அந்த அதிகமே அதன் வினையும்கூட. பெரிய கட்டியாக வார்த்தால் மெதுவாக உறையும்போது தனிமங்கள் பிரிந்து ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். அடித்தால் வெடிக்கும். இதற்கு வழிதான் பொடி. படிகளைச் சொல்கிறேன்:

வெற்றிடத்தில் தூண்டல் உலையில் உருக்குவார்கள். உருகியதை மெல்லிய தாரையாக விட்டு, ஆர்கான் வாயுவை வேகமாகப் பாய்ச்சிச் சிதறடிப்பார்கள். ஒவ்வொரு துளியும் நொடிப்பொழுதில் உறைவதால் பிரிவுக்கு நேரமில்லை. பொடியைச் சலித்து, பெரியதை ஒதுக்குவார்கள். 270 மெஷ் சல்லடை என்றால் 53 மைக்ரானுக்கு மேல் உள்ளது தங்கும். சலித்ததை எஃகு டப்பாவில் அடைத்து, காற்றை உறிஞ்சி மூடுவார்கள். சூடாக்கி அழுத்தி, பிறகு அச்சின் வழியே பிதுக்கித் தண்டாக்குவார்கள். தண்டை வெட்டி, அச்சும் பொருளும் ஒரே சூட்டில் இருக்கும்படி வைத்து மெதுவாக அழுத்தினால் பொருள் களிமண் போல வளைந்துகொடுக்கும். இந்தச் சமவெப்ப அழுத்தல் முறைக்கு பிராட் வைத்த பெயர் கேட்டரைசிங். ஃபுளோரிடா ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, அங்கே முதலை அதிகம்.

எங்கே தப்பு நுழையும்? உலைக்குகை, தாரை ஊற்றும் குழல் எல்லாம் பீங்கான். அதிலிருந்து பெயரும் நுண்துகள் பொடியோடு கலந்தால் டிஸ்க்குக்குள் போய் உட்காரும். சல்லடை பருத்த துகளைப் பிடிக்கும், நீளவாக்கில் ஒல்லியானது நழுவும். பீங்கான் என்று இல்லை, முந்தைய கலவையின் மிச்சம், கரிமத் துணுக்கு எதுவானாலும் கேடுதான். டிஸ்க்கின் நடுத்துளைப் பக்கமோ பிளேடு செருகும் பள்ளத்தின் பக்கமோ அப்படி ஒரு துகள் அமைந்தால், ஒவ்வொரு டேக்ஆஃபிலும் அதன் ஓரத்தில் இழுவிசை குவியும். விரிசல் சைக்கிளுக்குச் சைக்கிள் வளரும். நிர்ணயித்த ஆயுள் சுத்தமான பொருளுக்கானது, அழுக்குள்ள பொருளுக்கு அந்த எண் செல்லாது.

சம்பவங்கள்: 2020 மார்ச் 18 அன்று வியட்நாம் ஏர்லைன்ஸ் ஏ321 ஒன்றில் வி2500 எஞ்சினின் முதல் அடுக்கு டர்பைன் ஹப் டேக்ஆஃப் ஓட்டத்தில் உடைந்தது. அது ஜிடிஎஃப் இல்லை, அதற்கு முந்தைய தலைமுறை. பொருள் ஒரே குடும்பம். 2022 டிசம்பர் 24 அன்று ஜிடிஎஃப் ஒன்றில் கம்ப்ரஸரின் 7ஆம் அடுக்கு ரோட்டர் உடைந்து டேக்ஆஃப் கைவிடப்பட்டது. இரண்டாவது சம்பவம்தான் கணக்கை மாற்றியது. எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் உடைந்த உறுப்பு அது. 2023 ஜூலை 25 அன்று பிராட்டின் தாய் நிறுவனமான ஆர்டிஎக்ஸ் அறிவித்தது: 2015 கடைசிக் காலாண்டிலிருந்து 2021 மூன்றாம் காலாண்டு வரை செய்த பொடியில் மாசு இருக்கலாம், 1,200 எஞ்சின்களைச் சோதிக்க வேண்டும், அதில் 200ஐ செப்டம்பர் நடுவுக்குள். பொடி தயாரித்தது வெளியாள் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் கிளேவில்லில் உள்ள எச்எம்ஐ மெட்டல் பவுடர்ஸ், பிராட்டின் சொந்தத் துணை நிறுவனம். சப்ளையர் மேல் பழியைத் தள்ள வழியில்லாமல் போனது அதனால்தான்.

சக்கரவாளம்:
பொடி இவ்வளவு சிக்கல்னா வார்த்து அடிச்ச டிஸ்க்குக்கே போயிடலாமே? பிராட்டோட பழைய ஜேடி8டி எஞ்சின் எல்லாம் அப்படித்தானே ஓடிச்சு.

உலைக்களம்:
போகலாம், டர்பைன் வாயில் சூட்டைக் குறைத்துக்கொண்டால். எரிபொருள் சேமிப்புக்கு அந்தச் சூடு முக்கியம்.

மேலும், வார்த்து அடித்ததும் புனிதம் இல்லை. 1989இல் சியூ சிட்டியில் யுனைடெட் டிசி-10 விழக் காரணம் ஜிஇ எஞ்சினின் ஃபேன் டிஸ்க். உருக்கிய டைட்டானியத்தில் நைட்ரஜன் சேர்ந்த கெட்டிப் புள்ளி ஒன்று தங்கிவிட்டது. 1996 ஜூலை 6 அன்று பென்சகோலாவில் டெல்டா எம்டி-88இல் உடைந்த ஃபேன் ஹப் நீங்கள் சொன்ன அதே ஜேடி8டியினுடையது. பொருளில் பிழையில்லை, தண்டுத் துளையைத் துளையிடும்போது உள்சுவர் சூடேறிக் கெட்டியாகி அங்கே விரிசல் தொடங்கியது. ஒளிர்சாயச் சோதனையில் அது கண்ணில் படவில்லை. இருவர் இறந்தார்கள்.

பொடியிலும் எல்லாம் ஒன்றில்லை. 1980இல் ஃபார்ன்பரோ கண்காட்சிக்குப் பிறகு எஃப்/ஏ-18 ஒன்று விழுந்தது, ஜிஇ எஃப்404இன் பொடி டிஸ்க் உடைந்து. அந்த டிஸ்க் அழுத்தி மட்டுமே செய்தது. பிதுக்கும் படியைச் சேர்த்தால் துகள் எல்லைகள் நசுங்கி உடையும், பெரிய மாசு சிறியதாகச் சிதறும், கண்டுபிடிப்பதும் எளிதாகும். பிராட் அந்தப் படியைத் தொடக்கத்திலிருந்தே வைத்திருந்தது. அப்படியும் சிக்கியது என்பதுதான் இதில் யோசிக்க வேண்டிய விஷயம். பின்படி எவ்வளவு நல்லதானாலும் உலைப்பக்கச் சுத்தத்துக்கு அது ஈடாகாது.

ரன்வே07:
பரிசோதனை எப்படிப் பண்றாங்க? இறக்கையிலேயே பண்ண முடியாதா?

ஹேங்கர்வாசி:
முடியாது. போர்ஸ்கோப்ல மேற்பரப்புதான் தெரியும், இது உள்ளுக்குள்ள இருக்கற விரிசல். ஹப்பைக் கையில எடுத்தாகணும். அதுக்கு எஞ்சினை இறக்கணும், ஷாப்புக்கு (பிரிச்சுப் பழுது பாக்கற கூடம்) அனுப்பணும், மாட்யூல் மாட்யூலா பிரிக்கணும், டர்பைன் மாட்யூலைத் திறக்கணும், பிளேடு எல்லாத்தையும் கழட்டணும், ஹப்பைச் சுத்தம் பண்ணணும். அதுக்கப்புறம் தண்ணித் தொட்டியில மூழ்க வெச்சு ஒலியலை விடுவாங்க.

வழக்கமான ஒலியலைச் சோதனையில அலை மேற்பரப்புக்கு நேரா இறங்கும். அலைக்குக் குறுக்கா படுத்திருக்கற குறையிலிருந்து எதிரொலி நல்லா வரும். அலைக்கு இணையா நிக்கற விரிசல் கிட்டத்தட்டத் தெரியாமலே போயிடும். அதனால இதுக்குச் சாய்கோண ஒலியலை. பல கோணத்துல விட்டுப் பாக்கணும். முடிச்ச வடிவத்துல ஹப்புக்கு வளைவும் பள்ளமும் நிறைய, ஒவ்வொரு வளைவுக்கும் தனி நிரல் எழுதணும். புதுசு செய்யறப்ப இந்தத் தொல்லை குறைவு, ஏன்னா டிஸ்க் அப்ப கட்டையா, நேர் முகமா இருக்கும்.

இன்னொண்ணு, சோதனை பண்றவரோட கண். பிராட்டோட பிடபிள்யூ4000-112 ஃபேன் பிளேடு கதையைப் பாருங்க. உள்ளீடற்ற டைட்டானியம் பிளேடு, வெப்ப ஒலிப் படத்தால சோதிக்கணும். 2018ல யுனைடெட் 1175ல உடைஞ்ச பிளேடுல முன்கூட்டியே அறிகுறி பதிவாகியிருந்தது, பெயிண்ட் குறைன்னு நினைச்சு விட்டுட்டாங்க. 2021 பிப்ரவரி 20ல டென்வர்ல யுனைடெட் 328லயும் ஃபேன் பிளேடு உடைஞ்சது. அதுக்கப்புறம் சோதனை இடைவெளியை 1,000 சைக்கிளுக்குக் குறைச்சாங்க. கருவி காட்டினாலும் அதைப் படிக்கற ஆளுக்கு ஏற்கெனவே விரிசல் பாத்த பழக்கம் வேணும்.

சுழலி:
ஒரு சேர்க்கை. சோதனையில் தேறினால் ஹப் முழு ஆயுளுக்கும் விடுதலை என்று நினைக்க வேண்டாம். பிடபிள்யூ1100ஜிக்கு உந்துவிசை மதிப்பைப் பொறுத்து 2,800 முதல் 3,800 சைக்கிளுக்கு ஒருமுறை மறுசோதனை என்று 2023 செப்டம்பரில் சொன்னார்கள். ஏ220, எம்ப்ரேயர் இ2வில் வரும் சிறிய எஞ்சின்களுக்கு 5,000 முதல் 7,000. நாளைக்கு 6 பறப்பு செய்யும் உள்நாட்டு நிறுவனத்துக்கு 2,800 சைக்கிள் என்பது ஒன்றேகால் ஆண்டுதான். உந்துவிசை அதிகமான ஏ321க்குத்தான் அடி பலம்.

லீஸ்கணக்கு:
மூணாவது கேள்விக்கு வர்றேன், 250-300 நாள் எதுக்குன்னு. தொட்டியில ஹப் இருக்கற நேரம் அதுல ஒரு துளிதான். மீதி எல்லாம் காத்திருப்பு.

கணக்கைப் பாருங்க. 2023 செப்டம்பர் 11ல ஆர்டிஎக்ஸ் சொன்னது: 2026 வரைக்கும் ஏற்கெனவே திட்டமிட்டதுக்கு மேல கூடுதலா 600லருந்து 700 எஞ்சின் இறக்கவேண்டி வரும். 2024லருந்து 2026 வரைக்கும் சராசரியா 350 விமானம் தரையில இருக்கும், 2024 முதல் பாதியில உச்சமா 650. ஷாப்புங்க இதுக்கு முன்னாடியே எரியறை, டர்பைன் பிளேடு வேலையில நிரம்பித்தான் இருந்துச்சு. எஞ்சின் வந்து இறங்கி, பிரிக்க எடுக்கறதுக்கே மாசக்கணக்குல வரிசை. பிரிச்சதும் பிளேடும் தேய்ஞ்சிருக்கும், அதையும் மாத்தணும், வார்ப்பு வரணும். ஹப்பைச் சோதிச்சுத் திருப்பி மாட்டினா 2,800 சைக்கிள்ல மறுபடி இதே கூத்துங்கறதால முழு ஆயுள் உள்ள புது ஹப்பே போடறதுன்னு முடிவெடுத்தாங்க. சரியான முடிவுதான். ஆனா புது ஹப் வர சமவெப்ப அழுத்தல் ஆலை வேணும், அந்த மாதிரிப் பெரிய பிரஸ் உலகத்துல விரல்விட்டு எண்ணிடலாம். அதே ஹப்தான் புது விமானத்துக்குப் போற எஞ்சினுக்கும் வேணும். ஏர்பஸ்ஸுக்குக் குடுக்கறதா, தரையில நிக்கறவனுக்குக் குடுக்கறதா? ஒவ்வொரு மாசமும் இந்தச் சண்டை. நடுவுல 2025 மே 5ல கனெக்டிகட் ஆலைங்கள்ல சுமார் 3,000 தொழிலாளர் வேலைநிறுத்தம் வேற, மூணு வாரம்.

சாதாரண நாள்ல இதைத் தாங்கறது ஸ்பேர் எஞ்சின். எஞ்சின் இறங்கினா ஸ்பேரை ஏத்தி விமானத்தை அனுப்பிடலாம். எல்லாருக்கும் ஒரே நேரத்துல இறங்கினா ஸ்பேர் இருக்காது, வாடகையும் எகிறும். தரையில நிக்கற விமானத்துக்கும் லீஸ் தொகை மாசாமாசம் போய்க்கிட்டே இருக்கும்.

சக்கரவாளம்:
கோ ஃபர்ஸ்ட் (பழைய கோஏர்) மூழ்கினது பொடியாலதானே?

லீஸ்கணக்கு:
இல்ல, தேதியைப் பாருங்க. கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டது 2023 மே 2. பொடி அறிவிப்பு ஜூலை 25. அவங்க விமானத்துல ஏறக்குறையப் பாதி நின்னது ஹேங்கர்வாசி சொன்ன பழைய கோளாறுங்களாலயும் ஸ்பேர் கிடைக்காததாலயும். அவங்க கொண்டுபோன வழக்குல சிங்கப்பூர் நடுவர், பிராட் ஏப்ரல் 27க்குள்ள குறைந்தது 10 ஸ்பேர் எஞ்சின், அப்புறம் டிசம்பர் வரைக்கும் மாசம் 10 குடுக்கணும்னு உத்தரவு போட்டார். பிராட் தரப்பு வாதம், கோ ஃபர்ஸ்ட் நெடுநாளா பணபாக்கி வெச்ச கம்பெனிங்கறது. ரெண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஒரே எஞ்சினை நம்பி, ஒரே வகை விமானம் வெச்சு, கையில காசு இல்லாம ஓடின நிறுவனம் அது. 2025 ஜனவரியில கலைக்க உத்தரவு வந்துச்சு.

இண்டிகோ பிழைச்சது எப்படின்னா, 2019 ஜூன்லயே 280 விமானத்துக்கு லீப் எஞ்சின்னு 20 பில்லியன் டாலர் ஆர்டரை மாத்திட்டாங்க. 2024 தொடக்கத்துல 70க்கு மேல விமானம் தரையில நின்னபோதும் லீப் விமானங்க பறந்துச்சு. ஈடா பணமும் வந்துச்சு. அமெரிக்காவுல ஸ்பிரிட் ஏர்லைன்ஸுக்கு 2024ல 150லருந்து 200 மில்லியன் டாலர் வரைக்கும் பிராட் வரவு வெச்சது. அதுவும் அவங்களைக் காப்பாத்தல, அது வேற கதை.

யார் பையிலிருந்து போகுதுன்னும் தெரிஞ்சுக்கணும். மொத்தச் செலவு 6லருந்து 7 பில்லியன் டாலர்னு சொன்னாங்க, ஆர்டிஎக்ஸ் பங்கு 51 சதவீதம். மீதி ஜெர்மனியோட எம்டியூ, ஜப்பான் கூட்டணி மாதிரி பங்காளிங்க தலையில. பொடி செஞ்ச இடத்துல அவங்களுக்கு வேலையே இல்ல. ஆனா வருமானத்துல பங்குன்னா நஷ்டத்துலயும் பங்குதான். எம்டியூ ஒரே வருஷத்துல சுமார் 1 பில்லியன் யூரோ எழுதித் தள்ளுச்சு.

டெல்டாவிங்:
ராணுவப் பக்கம் யாரும் தொடவில்லை. பொடி டிஸ்க் பயணிகள் விமானத்தில் பிறந்ததல்ல. எஃப்-15, எஃப்-16க்கான எஃப்100 எஞ்சினில்தான் ஐஎன்100 பொடியும் கேட்டரைசிங்கும் பெரிய அளவில் வந்தன. பணம் கொடுத்தது அமெரிக்க விமானப்படை, பலன் பிறகு பயணிகள் எஞ்சினுக்கு வந்தது.

எஃப்100க்கும் ஆரம்பத்தில் தலைவலி. விமானி த்ராட்டிலைத் திடீரென்று முன்னும் பின்னும் தள்ளினால் கம்ப்ரஸர் ஸ்டால் ஆகி (காற்றோட்டம் முறிந்து), எஞ்சின் சுற்று ஏறாமல் அப்படியே தேங்கி, டர்பைன் மட்டும் சூடேறும். முழுக்க நிறுத்தி மறுபடி பத்தவைக்க வேண்டும். எஃப்-15க்கு இரண்டு எஞ்சின், எஃப்-16க்கு ஒன்றே. இதனால் எரிச்சலடைந்த விமானப்படை 1984 பிப்ரவரியில் ஆர்டரைப் பிரித்தது: ஜிஇ எஃப்110க்கு 120, பிராட்டுக்கு 40. போட்டி வந்த பிறகுதான் எஃப்100இன் நம்பகத்தன்மை வேகமாக ஏறியது. எஃப்-35க்கு அதே பாடத்தை மறந்தார்கள். மாற்று எஞ்சினான எஃப்136ஐ 2011இல் ரத்து செய்தார்கள். இப்போது எல்லா எஃப்-35க்கும் பிராட்டின் எஃப்135 மட்டும்தான், ஆஃப்டர்பர்னரோடு 43,000 பவுண்டு உந்துவிசை.

எஃப்135இன் பிரச்சினை பொடி அல்ல, குளிர்காற்று. ரேடார், கணினி ஆகியவற்றின் சூட்டை இறக்க எஞ்சினிலிருந்து அழுத்தக்காற்றை உருவ வேண்டும். எஞ்சின் வடிவமைத்தபோது சொன்ன தேவை 15 கிலோவாட் குளிர்விப்பு. விமானம் கேட்பது ஏறக்குறைய இருமடங்கு. காற்றை அதிகம் உருவினால் அதே உந்துவிசைக்கு எஞ்சின் இன்னும் சூடாக ஓட வேண்டும், சூடாக ஓடினால் டர்பைன் ஆயுள் குறையும், ஷாப்புக்குச் சீக்கிரம் வரும். இந்தக் கூடுதல் தேய்மானத்தின் விலையை அமெரிக்க அரசுத் தணிக்கை அமைப்பு 38 பில்லியன் டாலர் என்று மதிப்பிட்டது. இதற்குத் தீர்வாக 2023 மார்ச்சில் முற்றிலும் புதிய எஞ்சினை விட்டுவிட்டு, இருப்பதன் உள்கருவை மேம்படுத்தும் வழியைத் தேர்ந்தார்கள். புதிய எஞ்சின் எஃப்-35பியின் செங்குத்து இறக்க அமைப்போடு பொருந்தாது என்பது வலுவான காரணம். என் கணிப்பில் இது பணத்துக்காக எடுத்த முடிவு. குளிர்விப்புத் தேவை இன்னும் ஏறும்.

இந்திய விமானப்படைக்கும் பிராட் புதிதில்லை. 11 சி-17களில் எஃப்117, 75 பிலாட்டஸ் பயிற்சி விமானங்களில் பிராட் கனடாவின் பிடி6. அந்த பிடி6 பற்றித் தனி இழையே போடலாம்.

சக்கரவாளம்:
சரி, புதுசா வர்ற ஜிடிஎஃப் அட்வான்டேஜ் எல்லாத்தையும் தீர்க்குமா? நூறு வருஷக் கம்பெனி, 1925ல ரென்ட்ஷ்லர் தொடங்கினது. இதைக்கூடச் சரிபண்ண மாட்டாங்களா?

சுழலி:
அட்வான்டேஜுக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்கச் சான்று கிடைத்தது. டேக்ஆஃபில் 4 முதல் 8 சதவீதம் கூடுதல் உந்துவிசை. எனக்கு முக்கியமாகப் படுவது உந்துவிசை அல்ல, உள்வழிக் காற்றோட்டத்தைக் கூட்டியிருப்பது. அதே உந்துவிசையில் ஓட்டினால் டர்பைன் கொஞ்சம் குளிர்ச்சியாக ஓடும், டெல்லி மே மாதத்தில் அதுதான் பிளேடு ஆயுள். சூட்டுப்பகுதி மாற்றங்களை மட்டும் பழைய எஞ்சினுக்கு ஷாப் விசிட்டில் போடும் ஹாட் செக்ஷன் பிளஸ் திட்டமும் உண்டு. எஞ்சின் எப்படியும் பிரிந்து கிடக்கும்போது போடுவதுதான் சிக்கனம்.

பொடியைப் பொறுத்தவரை அட்வான்டேஜ் என்ற பெயர் எதையும் மாற்றாது. டிஸ்க்கின் பொடி எந்தத் தேதியில் செய்தது என்பதே கேள்வி. அதற்குப் பதில் எஞ்சின் மாடலில் கிடைக்காது, ஹப்பின் வரிசை எண்ணில்தான் இருக்கிறது.

ஹேங்கர்வாசி:
அதைத்தான் லீஸ் முடிஞ்சு கைமாறுற எஞ்சின்ல முதல்ல கேக்கணும். எஞ்சின் வயசைப் பாக்காதீங்க. எல்எல்பி (ஆயுள் வரம்புள்ள உறுப்புகள்) தாளை எடுத்து 1ஆம், 2ஆம் ஹப், கம்ப்ரஸர் 7, 8 அடுக்கு ரோட்டர், இந்த நாலோட பார்ட் எண், வரிசை எண், பிறப்பிலிருந்து சைக்கிள், எந்த உந்துவிசை மதிப்புல எத்தனை சைக்கிள்னு வரிசையாப் பாருங்க. நடுவுல மதிப்பை ஏத்தி இறக்கி ஓட்டியிருந்தா மீதி ஆயுள் கணக்கு தனி. அந்தப் பிரிப்பு தாள்ல இல்லன்னா அதிகபட்ச மதிப்புல ஓடினதாத்தான் எடுத்துக்கணும்.

ரன்வே07:
கடைசியா ஒண்ணு. டிக்கெட் எடுக்கறப்ப எந்த எஞ்சின்னு பயணிக்குத் தெரிய வழி இருக்கா?

ஹேங்கர்வாசி:
இருக்கு. பதிவு எண்ணை வெச்சு விமானத்தோட முழு மாடல் பேரைப் பாருங்க. ஏ320-251என் மாதிரி நடு இலக்கம் 5னா லீப். 271என் மாதிரி 7னா பிராட். ஏ321க்கும் அப்படியே. ஆனா விமானத்தைக் கடைசி நேரத்துல மாத்துவாங்க, அதை நம்பி டிக்கெட் எடுக்காதீங்க. பாதுகாப்புக்காகக் கேக்கறீங்கன்னா தேவையும் இல்ல. கெடு தாண்டின ஹப் உள்ள எஞ்சின் பறக்கற விமானத்துல இருக்காது, தரையில நிக்குற அந்த விமானங்கள்லதான் இருக்கும்.